பழியை விடுத்துப் பழுதை நாடுவோம்

கருவி பழுதுபட்டால் அதனைச் செப்பனிடுதல் எளிது. பிள்ளையின் மனம் பழுதுபட்டால் அதனைச் செப்பனிடுதல் அரிது. இவ்வுண்மையை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும், வீட்டிலுள்ள மடிக்கணினி அடிக்கடி இணையத் தொடர்பை இழக்கும் வேளையில் இதனை மறந்துவிடுகிறோம். திரையில் ஆசிரியரின் முகம் அசைவற்று நிற்கிறது. குரல் பாதியில் அறுகிறது. சற்று நேரத்தில் தொடர்பு இல்லை என்னும் அறிவிப்புத் தோன்றுகிறது. உடனே நம் வாயிலிருந்து வரும் முதற்சொல் யாது? "நீ எதை அழுத்தினாய்?" என்பதே அன்றோ! பழுது எங்கே உள்ளது என ஆராயும் முன்னரே பழி யார்மேல் என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். இவ்வழக்கம் மாற வேண்டும் என்பதே இக்கட்டுரை வாயிலாக நாம் வலியுறுத்த விழையும் கருத்தாகும்.

கம்பியும் ரப்பரும்

நம் பேராக் மாநிலத்திற்கும் தொலைத்தொடர்புக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1876ஆம் ஆண்டிலேயே கோலகங்சாரையும் தைப்பிங்கையும் இணைத்துத் தந்திக் கம்பி இழுக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு, அதாவது 1877இல், அதே கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. கம்பியும் ரப்பரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இம்மண்ணில் காலூன்றின எனலாம். ரப்பர்க் காடுகளை வளர்த்து ஆளாக்கியோர் நம் முன்னோர். ஆனால், கம்பியின் பயன் துரைமார் பங்களாவுக்கும் தோட்ட அலுவலகத்திற்கும் சென்றதேயன்றி லயத்து வீடுகளை வந்தடைய நெடுங்காலம் ஆயிற்று.

இன்று அத்தோட்டங்களுள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஈப்போவிலும் சிம்மோரிலும் சுங்கை சிப்புட்டிலும் வாழும் நம் பிள்ளைகளுள் பலர், ஒரு காலத்தில் பால்மரம் வெட்டியவர்களின் பேரப் பிள்ளைகளே. அவர்கள் வீட்டுச் சுவரோரம் சிறு விளக்குகள் மின்னும் பெட்டி ஒன்று இருக்கின்றது. உலகத்து நூலகங்கள் யாவும் அப்பெட்டியின் வழியே வீட்டிற்குள் வரக் காத்திருக்கின்றன. வருகிற வழியில் தடையொன்று நேர்ந்தால் அதனை நாமே கண்டறியக் கற்றுக்கொள்ள வேண்டாவா?

நாடு கண்ட பாடம்

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, இல்லிருப்புக் கற்றல் தொடங்கிற்று. அவ்வாண்டு கல்வி அமைச்சு மேற்கொண்ட ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எவ்வகை மின்னியல் கருவியும் இல்லை எனத் தெரிய வந்தது. மடிக்கணினி வைத்திருந்தோர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அத்தகைய காலத்தில் கடன்பட்டேனும் ஒரு மடிக்கணினியை வாங்கித் தந்த பெற்றோர், அது வேலை செய்யாதபோது மனம் நொந்ததில் வியப்பில்லை. வியப்பில்லை என்பதனால் அது நியாயமாகிவிடாது.

அதே 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சபா மாநிலத்து மாணவி ஒருவர் இணைய அலை கிடைக்கும் இடம் தேடி மரத்தின்மேல் இரவைக் கழித்துத் தேர்வு எழுதிய செய்தி நாடெங்கும் பரவியது. அம்மாணவியின் முயற்சியைப் போற்றியோர் பலர். அதே வேளையில், அவர் சொல்வது மெய்தானா என ஐயுற்றுப் பேசியோரும் உயர்ந்த பதவிகளில் இருந்தனர். பின்னர் அக்கூற்று மீட்டுக்கொள்ளப்பட்டது, மன்னிப்பும் கோரப்பட்டது. அலை கிடைக்காத ஊரைக் குறித்து எழ வேண்டிய வினா, மரம் ஏறிய பிள்ளையைக் குறித்து எழுந்தது. நாட்டளவில் நிகழ்ந்த இத்தவறு, சிறிய அளவில் நம் வீடுகளிலும் நாள்தோறும் நிகழ்கின்றது.

நிறுவையில் குறைந்த பால்

பழியை முதலிலும் ஆராய்ச்சியைப் பின்னரும் வைக்கும் வழக்கத்தை நம் முன்னோர் நன்கு அறிவர். ஏனெனில், அவர்களே அதற்கு ஆளானவர்கள். தோட்டத்தில் பால் நிறுக்கும் வேளையில் எடை குறைந்தால் முதலில் ஏச்சு வாங்கியவர் பால்வெட்டுத் தொழிலாளியே. முந்தைய நாள் மழையில் பட்டை நனைந்திருந்ததா, மரத்திற்கு நோய் கண்டதா என்னும் வினாக்கள் பின்னரே எழுந்தன. சில வேளைகளில் எழாமலே போயின.

ஆனால், அனுபவம் மிக்க தொழிலாளி அவ்வாறு செய்வதில்லை. ஒரு மரத்தில் பால் குறைந்தால் மரத்தை அவர் வைவதில்லை. வெட்டுக் கோட்டைப் பார்ப்பார்; கத்தியின் கூர்மையைப் பார்ப்பார்; மங்கு சாய்ந்திருக்கிறதா எனப் பார்ப்பார்; பக்கத்து மரத்தையும் பார்ப்பார். பக்கத்து மரங்களிலும் பால் குறைந்திருந்தால் காரணம் வேறு. இம்மரத்தில் மட்டும் குறைந்திருந்தால் காரணம் வேறு. இந்த ஒப்பிடும் அறிவே பழுது நாடும் கலையின் உயிர்நாடி. அதனைப் பல்கலைக்கழகத்தில் தேட வேண்டியதில்லை. நம் பாட்டனார் வெட்டிய நிரையிலேயே அது இருந்தது.

ஒரு சிற்றூர் தரும் சான்று

இதற்கு அயல்நாட்டிலிருந்தும் ஒரு சான்று கூறலாம். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் அபர்ஹோசன் என்னும் சிற்றூர் உண்டு. ஏறத்தாழப் பதினெட்டு மாதங்கள், நாள்தோறும் காலை ஏழு மணியளவில் அவ்வூரின் இணையச் சேவை சீர்குலைந்தது. பொறியாளர்கள் பலமுறை வந்து பார்த்தனர், கம்பிவடங்களையும் மாற்றினர், பயனில்லை. இறுதியில், விடியற்காலை ஆறு மணிக்கே அலைவரிசைகளை அளக்கும் கருவியுடன் ஊருக்குள் நடந்தனர். மணி ஏழு அடித்ததும் ஒரு வீட்டிலிருந்து மின்னிரைச்சல் எழுவதைக் கருவி காட்டிக் கொடுத்தது. அவ்வீட்டில் இருந்த பழைய தொலைக்காட்சிப் பெட்டி காலையில் இயக்கப்பட்டதும், அதிலிருந்து கிளம்பிய மின்னிரைச்சல் ஊர் முழுவதன் இணைப்பையும் கெடுத்து வந்திருக்கிறது! 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் இச்செய்தி உலகறிய வெளிவந்தது. வீட்டுக்காரர் பெரிதும் வருந்தி, அப்பெட்டியை இனி இயக்குவதில்லை என உடனே ஒப்புக்கொண்டார்.

இந்நிகழ்ச்சி உணர்த்துவன இரண்டு. பழுது, நாம் ஐயுறும் இடத்தில் இல்லாமற் போகலாம் என்பது ஒன்று. அது தோன்றும் நேரத்தைக் குறித்து வைத்தால் ஒளிந்திருக்கும் இடமும் வெளிப்படும் என்பது மற்றொன்று.

பழுது நாடும் முறை

இனி, வீட்டிலேயே செய்யத்தக்க சோதனைகளை வரிசையாகக் காண்போம். இவற்றுக்குப் பொருட்செலவு இல்லை; பொறுமை ஒன்றே வேண்டும்.

முதலாவது, பழுது மடிக்கணினியில் மட்டுமா அல்லது வீடு முழுவதிலுமா என்று அறிதல். தொடர்பு அறுந்த அந்நொடியிலேயே வீட்டிலுள்ள கைப்பேசி ஒன்றில் ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். இங்கே பலர் ஏமாறுவதுண்டு. வீட்டு வைஃபை அறுந்ததும் கைப்பேசி தானாகவே தன் சொந்தத் தரவுச் சேவைக்கு மாறிக்கொள்ளும், "கைப்பேசி நன்றாகத்தானே இருக்கிறது!" என்று நாம் மடிக்கணினியைக் குறை கூறுவோம். ஆதலின், கைப்பேசியின் தரவுச் சேவையை நிறுத்திய பின்னரே சோதிக்க வேண்டும். இரண்டும் ஒருசேர அறுந்தால் பழுது பெட்டியிலோ வெளியே உள்ள இணைப்பிலோ இருக்கலாம். மடிக்கணினி மட்டும் அறுந்தால் அதன் உள்ளேயோ அது இருக்கும் அறையிலோ பழுதைத் தேட வேண்டும்.

இரண்டாவது, பெட்டியின் விளக்குகளைக் காணல். ஒளியிழை இணைப்புள்ள வீடுகளில் 'எல்.ஓ.எஸ்.' என்று குறிக்கப்பட்ட விளக்குச் சிவப்பாக ஒளிர்ந்தால், ஒளிச் சமிக்ஞை வீட்டிற்கு வந்து சேரவில்லை என்பது பொருள். அந்நிலையில் மடிக்கணினியைத் தட்டுவதும் பிள்ளையைத் திட்டுவதும் ஒருங்கே வீண்.

மூன்றாவது, கம்பி கொண்டு சோதித்தல். மடிக்கணினியைப் பெட்டியுடன் கம்பிவடத்தால் நேரடியாக இணைக்க வேண்டும். கம்பிவழித் தொடர்பு நிலைத்து நின்று, வைஃபை மட்டும் அறுந்தால், குறை காற்றுவழிப் பாதையில் இருக்கிறது அல்லது மடிக்கணினியின் வைஃபை உறுப்பில் இருக்கிறது. கம்பி செருகும் வாய் இல்லாத கணினியாயின், பெட்டியின் அருகே கொண்டுவந்து அமர்ந்து பார்த்தாலே ஓரளவு விளங்கிவிடும்.

நான்காவது, பெட்டி இருக்கும் இடத்தை ஆராய்தல். தொலைக்காட்சிப் பேழைக்குப் பின்னும் இரும்பு அலமாரிக்குள்ளும் பெட்டியை மறைத்து வைப்போர் உளர். அலைகளை உலோகம் தடுக்கும். தடித்த சுவரும் மீன்தொட்டி நீரும் மெலியச் செய்யும். துத்தநாகத் தகடு வேய்ந்த பின்கட்டு உள்ள வீடுகளில் இக்குறையை எளிதில் காணலாம். மேலும், வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அலைவரிசைகளில் பெரும்பாலும் இயங்குகின்றது. முன்னது தொலைவு செல்லும். ஆயினும் அதில் நெரிசல் மிகுதி. அண்டை வீட்டுப் பெட்டிகளும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே வரிசையில் இரைச்சல் செய்யும். பின்னது விரைவுடையது, ஆயினும் சுவர்களைக் கடக்கும் ஆற்றல் குறைவு. பெட்டியை வீட்டின் நடுவே, உயரமான திறந்த இடத்தில் வைப்பதே நன்று.

ஐந்தாவது, மடிக்கணினியின் அமைப்புகளைச் சரிபார்த்தல். பல மடிக்கணினிகள் மின்சாரத்தைச் சேமிப்பதற்காக வைஃபை உறுப்பைத் தாமே உறங்கச் செய்துவிடும். விண்டோஸ் கணினியில் 'டிவைஸ் மேனேஜர்' பகுதியில் வைஃபை உறுப்பைத் தேர்ந்து, 'பவர் மேனேஜ்மெண்ட்' என்னும் பக்கம் இருப்பின், மின்சாரம் சேமிக்க இவ்வுறுப்பை நிறுத்தலாம் என்னும் குறியீட்டை நீக்கிவிடலாம். வீட்டு இணைப்பைக் கணினியின் நினைவிலிருந்து அகற்றி, மறைச்சொல்லைப் புதிதாக இட்டு மீண்டும் சேர்வதும் பயன் தரும். வைஃபை உறுப்பை இயக்கும் மென்பொருள் பழையதாயின் கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புதியதைப் பெறலாம்.

ஆறாவது, மின்சாரத்தைக் கவனித்தல். ஒரே நீட்டிப்புச் செருகியில் சோறு வேகும் பானையும் இணையப் பெட்டியும் இருந்தால், ஒன்றை நிறுத்தும்போது மற்றொன்றும் நின்றுபோகலாம். வெப்பம் மிகுந்த இடத்தில் பெட்டி அடிக்கடி தானே நின்று மீண்டும் இயங்கலாம். தைப்பிங் தீபகற்ப மலேசியாவில் மிகுதியாக மழை பெறும் ஊர்களுள் ஒன்று. ஈப்போவிலும் பிற்பகல் இடிமழை புதிதன்று. இடி இடிக்கும் முன்னரே பெட்டியின் செருகியைக் கழற்றி வைக்கும் நம் தாய்மார்களின் வழக்கம் மிகச் சரியானது. அந்நேரத்தில் தொடர்பு இல்லை என்பதைப் பிள்ளையின் குற்றமாகக் கருதலாகாது.

இவை அனைத்திலும் போற்ற வேண்டிய விதி ஒன்றுண்டு. ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தையே செய்தல் வேண்டும். நான்கைந்தை ஒருசேர மாற்றிவிட்டால், குணம் கண்டாலும் எது மருந்து என்பது தெரியாது. ஆதலின் ஒரு குறிப்பேட்டில் நாளும் நேரமும், எந்த அறை, என்ன செய்தோம், என்ன விளைந்தது என்பனவற்றை எழுதி வருதல் நலம்.

ஒரு குறிப்பேடு சொன்ன உண்மை

நாம் அறிந்த இல்லம் ஒன்றில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி இருந்தாள். இரவு எட்டு மணி அளவில் அவளுடைய மடிக்கணினி தொடர்பை இழக்கும்; சில நிமிடங்களில் மீளும். பாடத்தை விட்டு வேறு எதையோ பார்க்கிறாள் என்று தந்தையார் முடிவு செய்தார். கடுமையாகப் பேசினார். அவள் மறுமொழி கூறவில்லை; மெல்ல மெல்லப் பாடத்தில் கேள்வி கேட்பதையும் நிறுத்திவிட்டாள்.

பின்னர், நம் வேண்டுகோளின்படி அவ்வீட்டில் குறிப்பேடு எழுதப்பட்டது. ஆறு இரவுகளில் ஐந்து முறை ஒரே நேரத்தில் தொடர்பு அறுந்தது. அறாத இரவு எது? தந்தையார் வேலையிலிருந்து வராமல் வெளியூரில் தங்கிய இரவு. அவர் வீடு திரும்பியதும் அவருக்கான உணவை அன்னையார் மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்குவது வழக்கம். பெட்டிக்கும் பிள்ளையின் அறைக்கும் இடையே அவ்வடுப்பு இருந்தது. பெட்டியைக் கூடத்து மேல்தட்டுக்கு மாற்றி, கணினியையும் 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் சேர்த்த பின் அத்தொல்லை நீங்கிற்று. தொல்லை நீங்கிய அன்று தந்தையார் மகளை அருகே அழைத்து, "அப்பா சொன்னது தவறம்மா" என்றார். அச்சொல்லுக்குப் பின்னரே அவள் மீண்டும் பாடத்தில் கேள்வி கேட்கத் தொடங்கினாள். கருவியைச் செப்பனிட ஒரு மாலை போதுமானதாக இருந்தது. மற்றதற்குப் பல வாரங்கள் ஆயின.

வீட்டிற்கு வெளியே உள்ள கடமை

எல்லாப் பழுதுகளும் வீட்டிற்குள்ளேயே இருப்பன என்று நாம் கூறவில்லை. பெட்டிவரை எல்லாம் சீராக இருந்து, அதற்கு அப்பால் பழுதிருப்பின் அது சேவை வழங்குவோரின் பொறுப்பு. இதனை அறியவும் எளிய வழியுண்டு. கணினியின் கட்டளைச் சாளரத்தில் 'பிங்' என்னும் கட்டளையை ஆங்கில எழுத்தில் இட்டுப் பெட்டியின் எண்முகவரியைத் தட்டினால், பெட்டி மறுமொழி தரும். 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்பது போன்ற அவ்வெண் பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும். பெட்டியிலிருந்து தவறாது மறுமொழி வந்து, வெளித்தளங்களிலிருந்து மட்டும் வரவில்லையெனில், பழுது பெட்டிக்கு அப்பாலுள்ள வழியில் இருக்கலாம் எனக் கொள்ளலாம்.

கைப்பேசி அலையை நம்பி இணையம் பெறும் வீடுகளின் நிலை இன்னும் கடினம். கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகள் கண்ணுக்கு அழகானவை. ஆனால் அலைகளுக்குத் தடையானவை. கோபுரத்திற்குத் தொலைவில் உள்ள முன்னாள் தோட்டக் குடியிருப்புகளிலும் அலை மெலிகின்றது. இது பெற்றோரின் குறையுமன்று, பிள்ளையின் குறையுமன்று. நாட்டின் தொடர்பு வசதியை விரிவாக்க 2020ஆம் ஆண்டில் 'ஜெண்டேலா' என்னும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அத்தகைய திட்டங்களின் பயன் நம் குடியிருப்புக்கு வந்ததா என்று கேட்பது நம் உரிமை. முதலில் சேவை நிறுவனத்திடம் முறையிட்டுப் புகார் எண் பெற வேண்டும். தீர்வு கிட்டாவிடில் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் முறையிடலாம். "அடிக்கடி அறுகிறது" என்று வாய்மொழியாகக் கூறுவதைவிட, நாளும் நேரமும் எழுதப்பட்ட குறிப்பேட்டை முன்வைப்பது வலிமையுடையது.

தனி வீடு முறையிடுவதினும் ஊர் முறையிடுவது சிறப்பு. சுங்கை சிப்புட் மண் ஈன்ற துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள், தோட்டத் தொழிலாளர்களின் சிறு சேமிப்பை ஒன்றுதிரட்டி 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். சிறு சிறு தொகைகள் சேர்ந்து தோட்டங்களையே வாங்கின. அவ்வாறு சேர்ந்து நின்ற சமுதாயம், இருபது வீடுகளின் குறிப்பேடுகளை ஒன்றாக்கி ஒரு முறையீட்டை எழுத முடியாதா?

பள்ளி செய்யத்தக்கது

தொடக்கப் பள்ளிக்கு இதுவெல்லாம் வேலையா என்று சிலர் வினவலாம். பிள்ளைகள் கணினித் திரைமுன் கழிக்கும் நேரம் ஏற்கெனவே மிகுதி என்றும் கூறலாம். அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆனால், நாம் வேண்டுவது திரைமுன் கழிக்கும் நேரத்தைக் கூட்டுவதன்று. திரை அணைந்தபோது சிந்திக்கும் பழக்கத்தையே. கூர்ந்து நோக்குதல், ஒப்பிடுதல், ஊகித்தல், சோதித்தல், பதிவு செய்தல் ஆகியவை அறிவியல் பாடத்தில் நாம் கற்பிக்கும் திறன்களே. அவற்றைப் பயன்படுத்த, நாள்தோறும் கண்முன் நிகழும் பழுதைக் காட்டிலும் சிறந்த ஆய்வுக்கூடம் வேறு உண்டோ?

ஆகவே, நாம் முன்வைக்கும் வேண்டுகோள்கள் நான்கு. பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆண்டில் ஒரு சனிக்கிழமையேனும் பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒருசேர அழைத்து, மேற்கூறிய சோதனைகளைச் செய்து காட்டல் வேண்டும். தொழில்நுட்பம் பயின்ற முன்னாள் மாணவர்கள் இதற்கு உதவ முன்வருதல் வேண்டும். சோதனை வரிசையை எளிய தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் வழங்குதல் வேண்டும். இணையவழிப் பாடத்தில் ஒரு பிள்ளையின் முகம் மறைந்தால், அவனைச் சோம்பேறி என எண்ணும் முன், தொலைபேசியில் ஒரு சொல் கேட்பதை ஆசிரியர்களாகிய நாம் வழக்கமாகக் கொள்ளல் வேண்டும்.

இறுதியாக மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். கண்மணிகளே! தொடர்பு அறுந்தால் அஞ்சாதீர், அழாதீர், மறைக்காதீர். குறிப்பேட்டை எடுத்து நேரத்தை எழுதுங்கள். விளக்கின் நிறத்தைப் பாருங்கள். அம்மாவின் கைப்பேசியில் தொடர்பு உண்டா எனக் கேளுங்கள். கண்டதைக் கண்டவாறே பெரியோரிடம் கூறுங்கள். பெரியோராகிய நாமும், "நீ எதை அழுத்தினாய்?" என்று கேட்பதை விடுத்து, "வா, எங்கே பழுது என்று சேர்ந்து பார்ப்போம்" என்று கூறப் பழகுவோமாக.

வாழ்க தமிழ்ப்பள்ளி! வளர்க நம் பிள்ளைகளின் கேட்கும் ஆர்வம்!